"சின்ஸ்" எங்க இருந்து வந்துச்சு, எப்படி யூஸ் பண்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலீஷ்ல வர்ற சின்ஸ் (since), அதுக்கு ஒரே வரியில என்ன அர்த்தம்?

"அதுக்கு அப்புறம்". அவ்ளோதான்.

ஸ்கூல்ல எல்லாருக்கும் "இருந்து"ன்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அது பாதிதான். "ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் சின்ஸ் மண்டே"ன்னு ஒருத்தர் சொன்னா அதை தமிழ்ல எப்படி சொல்வீங்க? "திங்கக்கிழமைக்கு அப்புறம் அவரை பாக்கவே இல்ல"ன்னுதான சொல்வோம். அந்த "அப்புறம்"தான் இந்த வார்த்தையோட பிறவி அர்த்தம். கிராமர் புக்ல தனித்தனி ரூலா போட்டு மிரட்டுற விஷயம் எல்லாம், அதாவது ஏன் நாளைக்குன்னு போடக்கூடாது, ஏன் ஹேவ் பீன் வருது, ஏன் திடீர்னு "ஏன்னா"ன்னு அர்த்தம் மாறுது, இதுல முக்காவாசி இந்த ஒரு பழைய அர்த்தத்தை பிடிச்சுட்டாலே புரிஞ்சிடும். மனப்பாடம் பண்ண வேண்டிய மிச்சம் கொஞ்சம்தான்.

இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்ல இதுக்கு "சித்தன்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு. (சித்தர்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சத்தம் மட்டும்தான் ஒத்துப்போகுது.) அது ரெண்டு துண்டு சேர்ந்தது: "சீத்"னா பின்னாடி, லேட்டா, "தன்"னா அது, அதுக்கு. சேர்த்தா "அதுக்குப் பின்னாடி".

பேவுல்ஃப்னு ஒரு பழைய இங்கிலீஷ் காவியம் இருக்கு, யார் எழுதினதுன்னு பேர் கிடையாது, கையில இருக்கிற ஒரே கையெழுத்துப் பிரதி கி.பி. 1000 வாக்குல எழுதினது, இப்போ லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அதோட ஆறாவது வரியிலேயே இந்த சித்தன் வந்துடுது. ஷில்ட்னு ஒரு ராஜா, சின்னப் பிள்ளையா ஆதரவில்லாம கண்டெடுக்கப்பட்டவன், "அப்படி கண்டெடுத்ததுக்கு அப்புறம்" அவன் வளர்ந்து பெரிய ஆள் ஆனான்னு கதை போகும், அந்த "அப்புறம்"ங்கிற இடத்துலதான் இது. படிச்சா இன்னைக்கு உள்ள சின்ஸ் மாதிரியும் இருக்கும், ஆஃப்டர் மாதிரியும் இருக்கும், அப்போ ரெண்டும் பிரியல.

சித்தன் எப்படி சின்ஸ் ஆச்சு? ரெண்டுக்கும் பொருத்தமே இல்லையே?

நடுவுல மூணு படி இருக்கு. சித்தன் தேய்ஞ்சு "சிதென்" ஆச்சு. அப்புறம் அதோட வாலுல ஒரு "ஸ்" ஒட்டிக்கிச்சு, "சிதென்ஸ்". அந்த ஸ் சும்மா வந்தது இல்ல, அந்தக் காலத்துல வேற்றுமை உருபு மாதிரி ஒரு ஸ் போட்டு வினையடை ஆக்குற பழக்கம் இருந்துச்சு, நாம "வேகம்"கூட "ஆ" சேர்த்து "வேகமா"ன்னு சொல்ற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒன்ஸ், ட்வைஸ், ஹென்ஸ், வென்ஸ் எல்லாத்துலயும் கடைசில நிக்கிறது இதே ஸ்தான். அதுக்கப்புறம் "சிதென்ஸ்" வேகமா பேசப் பேச நடுவுல இருக்கிற "த" விழுந்துடுச்சு, 15ஆம் நூற்றாண்டுல "சின்ஸ்" நின்னுடுச்சு.

நடு த விழாத "சிதென்ஸ்" கொஞ்ச நாள் கூடவே வாழ்ந்துச்சு. ஷேக்ஸ்பியர் நாடகங்கள்லயே மூணு வடிவமும் கிடைக்கும்: சின்ஸ், சிதென்ஸ், இன்னும் குட்டியா வெறும் "சித்". 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ங்கிற இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல, எசேக்கியேல் 35:6ல இந்த "சித்" இருக்கு, அங்க அது நேரத்தைச் சொல்லல, "நீ ரத்தத்தை வெறுக்காததால"ன்னு காரணத்தைச் சொல்லுது. இந்த காரணம் விஷயத்துக்கு கீழ வரேன், அதுதான் இந்த வார்த்தையில ரொம்ப சுவாரசியமான இடம்.

கடைசில ஸ் சத்தம்தான, ஏன் சி, இ போட்டு எழுதுறாங்க?

1066ல ஃபிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் ஃபிரெஞ்சு எழுத்துப் பழக்கம் இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, இ-க்கு முன்னாடி வர்ற சி-யை ஸ் மாதிரி படிக்கிற வழக்கம் அதுல ஒன்னு. கடைசில எஸ் போட்டா சில பேர் "ஸ்"ஸுன்னும் சில பேர் "ஃஸ்"ஸுன்னு அதிர வெச்சும் படிப்பாங்க (டென்ங்கிற நம்பரை பன்மையில "டென்ஸ்"னு சொல்லும்போது கேட்டிருப்பீங்க), சி-இ போட்டா அந்தக் குழப்பம் இல்ல. ஐஸ், மைஸ் ரெண்டும்கூட பழைய இங்கிலீஷ்ல எஸ் போட்டுத்தான் எழுதினாங்க.

வேற மொழில இதுக்கு சொந்தக்காரங்க இருக்காங்களா?

நிறைய. ஜெர்மன்ல "ஸைட்", டச்சுல "சின்ட்ஸ்", டேனிஷ் நார்வீஜியன்ல "சீதென்". இதுல டேனிஷ் கொஞ்சம் வேடிக்கை, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி"ன்னு சொல்றதுக்கும் இந்த சீதெனைத்தான் போடுவாங்க, அதாவது இங்கிலீஷ்ல அகோ பாக்கிற வேலையையும் இதுவே பாக்குது.

ஸ்காட்லாந்து பக்கம் இதே வார்த்தை வேற மாதிரி தேய்ஞ்சு "சைன்" ஆச்சு. புது வருஷம் பிறக்கும்போது உலகம் பூரா பாடுற "ஆல்ட் லாங் சைன்" இருக்குல்ல, ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788ல எழுதி அனுப்பினது, அதுல கடைசி வார்த்தை சின்ஸோட கூடப் பிறந்ததுதான். வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல போட்டா "ஓல்ட் லாங் சின்ஸ்", பழைய நெடுநாளைக்கு முன்ன. பாடுறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரியாமலே கண்ணு கலங்குறாங்க.

சின்ஸ் எப்போ, ஃபார் எப்போ? இது மட்டும் மண்டையில நிக்கவே மாட்டேங்குது.

காலண்டர்லயோ கடிகாரத்துலயோ விரலை வெச்சு "இந்தா இங்க"ன்னு காட்ட முடியுமா? முடிஞ்சா சின்ஸ். 2019, திங்கக்கிழமை, காலைல ஒம்பது மணி, கல்யாணம் ஆன நாள், வேலைக்கு சேர்ந்த நாள், எல்லாம் புள்ளி. ரெண்டு வருஷம், அஞ்சு மணி நேரம், ரொம்ப நாள், இதெல்லாம் நீளம், விரல் வெக்க முடியாது, அதுக்கு ஃபார்.

"அதுக்கு அப்புறம்"னு நினைச்சுப் பாருங்க, "2019க்கு அப்புறம்" சரி, "ரெண்டு வருஷம் அப்புறம்"னா எந்த ரெண்டு வருஷம்னு கேப்போம்ல, அதேதான்.

நம்மாளுங்க மாட்டிக்கிற இடம் ஒன்னு இருக்கு. "சின்ஸ் லாஸ்ட் இயர்" சரி, ஏன்னா போன வருஷம்ங்கிறது ஒரு புள்ளி. அதைக் கேட்டுப் பழகின காதுக்கு "சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்"ஸும் சரியாத்தான் கேக்கும், லாஸ்ட்னு ஒரு வார்த்தை ரெண்டுலயும் இருக்கே. ஆனா ரெண்டாவது நீளம். "ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்"னுதான் வரணும். அதே மாதிரி ஆபீஸ் மெயில்ல அடிக்கடி பாக்கிற "சின்ஸ் லாங்", அதை "ஃபார் எ லாங் டைம்"னு மாத்திடுங்க. "சின்ஸ் மார்னிங்" அவ்ளோ பெரிய குத்தம் இல்ல, நம்ம பக்கத்து இங்கிலீஷ்ல எல்லாருக்கும் புரியும், ஆனா வெளில எழுதும்போது "சின்ஸ் திஸ் மார்னிங்"னு போட்டா உறுத்தாது.

ஜெர்மன்காரங்க மட்டும் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை போடுறாங்களாமே?

ஆமா, அவங்க "ஸைட் 2019"னும் சொல்வாங்க, "ஸைட் ட்ஸ்வை யாரென்", அதாவது ரெண்டு வருஷமான்னும் சொல்வாங்க. ஒரே வார்த்தை, புள்ளிக்கும் நீளத்துக்கும். ஃபிரெஞ்சுல "தெப்யுயி"யும் அப்படித்தான். அதனால "சின்ஸ் டூ இயர்ஸ்"னு சொல்றது புத்திக்கே எட்டாத முட்டாள்தனம்னு யாராவது கிளாஸ்ல திட்டினா கவலைப்படாதீங்க, அது உலக லாஜிக் இல்ல, இங்கிலீஷோட வீட்டுப் பழக்கம். அந்த ஊர்க்காரங்க இங்கிலீஷ் கத்துக்கும்போதும் சரியா இதே தப்பைத்தான் பண்றாங்க. அதுக்காக தப்பு சரி ஆகிடாது, எக்ஸாம்ல மார்க் போகத்தான் செய்யும்.

ஏன் எப்பப் பாத்தாலும் ஹேவ் பீன் வருது? "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019"னு சொன்னா என்ன?

தமிழ்ல "2019ல இருந்து இங்க வேலை பாக்கிறேன்"னு நிகழ்காலத்துலயே சொல்லிடுறோம், அதை அப்படியே தூக்கி வெச்சா "ஐ ஆம் வொர்க்கிங்" வந்துடுது. புரியாம போகாது, ஆனா இங்கிலீஷ் காதுக்கு அது முட்டும். 2019 முடிஞ்சு போன காலம், ஐ ஆம் இப்போ நடக்கிற காலம், நடுவுல உள்ள வருஷங்களை யார் சொல்றது? அந்த ரெண்டு கரையையும் ஒரே வினைச்சொல்லுல சேர்க்கிறதுக்குன்னே இங்கிலீஷ்காரன் வெச்சிருக்கிறதுதான் ப்ரசென்ட் பெர்ஃபெக்ட். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019."

தெரியும், இருக்கு, பிடிக்கும் மாதிரி நிலையைச் சொல்ற வினைக்கு இங் (-ing) வராது. "சின்ன வயசுல இருந்தே அவனைத் தெரியும்"னா "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் ஐ வாஸ் எ சைல்ட்". "ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் சைல்ட்ஹுட்"ங்கிறதுல ரெண்டு தப்பு ஒன்னா உக்காந்திருக்கு.

அந்த உதாரணத்தை இன்னொரு தடவ பாருங்க, சின்ஸுக்கு அந்தாண்ட "வாஸ்"னு சாதா பாஸ்ட்தான் இருக்கு. பெர்ஃபெக்ட் வர்றது மெயின் வாக்கியத்துலதான். புள்ளி கடந்துபோன விஷயம், அதுக்கு பாஸ்ட் போதும். (சின்ஸுக்கு அந்தாண்ட புள்ளிக்குப் பதிலா இன்னைக்கு வரைக்கும் தொடர்ற விஷயம் இருந்தா ரெண்டு பக்கமும் பெர்ஃபெக்ட் வரும், "சின்ஸ் ஐ ஹேவ் நோன் ஹிம்" மாதிரி, அதையும் தப்புன்னு அடிச்சுடாதீங்க.)

கதை முழுக்க பழைய காலத்துல நடந்தா எல்லாம் ஒரு படி பின்னாடி போகும். 2010ல நடந்த கதையைச் சொல்லும்போது, "1995ல இருந்து அவர் அங்கதான் இருந்தாரு"ன்னா "ஹி ஹேட் லிவ்ட் தேர் சின்ஸ் 1995".

"இட் இஸ் டூ இயர்ஸ் சின்ஸ்" சரியா, "இட் ஹேஸ் பீன் டூ இயர்ஸ் சின்ஸ்" சரியா?

ரெண்டும் சரி. முதலாவதை பிரிட்டன் பக்கம் அதிகம் கேக்கலாம், அமெரிக்காவுல ரெண்டாவதுதான். இங்க ரெண்டு வருஷம்னு நீளம் வருதேன்னு பயப்பட வேணாம், அது சின்ஸுக்கு முன்னாடி நிக்குது, பின்னாடி "வி மெட்"னு ஒரு புள்ளி வந்துடும்.

ஃப்ரமுக்கும் சின்ஸுக்கும் என்ன வித்தியாசம்? தமிழ்ல ரெண்டும் "இருந்து"தான?

அதுதான் பிரச்சனையே. "நேத்துல இருந்து காய்ச்சல்", "நாளையில இருந்து லீவு", நமக்கு ரெண்டுலயும் ஒரே "ல இருந்து". இங்கிலீஷ் இதை ரெண்டா வெட்டிடுச்சு. சின்ஸ் பின்னாடி மட்டும்தான் திரும்பிப் பாக்கும், இப்போ நிக்கிற இடத்துல நின்னுக்கிட்டு "அந்தப் புள்ளிக்கு அப்புறம்"னு சொல்றதால, இன்னும் வராத புள்ளியை அதால தொட முடியாது. "சின்ஸ் டுமாரோ" கிடையவே கிடையாது, "ஃப்ரம் டுமாரோ"தான்.

ஃப்ரம் வெறும் ஆரம்பக் கோடு போடுற வார்த்தை. அதுக்கு காலம் ஒரு பொருட்டே இல்ல, 2015ல இருந்து 2018 வரைக்கும்னு ரெண்டு பக்கமும் மூடியும் வெச்சுக்கலாம். சின்ஸோட அந்தப் பக்கத்தை மூட முடியாது. "சின்ஸ் 2015 டு 2018"னு ரெஸ்யூம்ல எழுதியிருந்தா இன்னைக்கே திருத்திடுங்க, "ஃப்ரம் 2015 டு 2018"னு. இன்னும் அதே கம்பெனிலதான் இருக்கீங்கன்னா மட்டும் "சின்ஸ் 2015".

கடை போர்டுல "சின்ஸ் 1950"ன்னு போடுறாங்களே, அது சரியா?

சரிதான். "1950ல இருந்து நடத்துறோம்"ங்கிறதோட சுருக்கம். இன்னும் நடந்துக்கிட்டிருக்கிற கடைக்கு மட்டும் போடலாம், மூடின கடைக்கு போட்டா பொய்.

"சின்ஸ் டூ இயர்ஸ் பேக்", "சின்ஸ் டூ இயர்ஸ் அகோ" சொல்லலாமா?

லாஜிக்கா பாத்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிங்கிறது ஒரு புள்ளிதான், சின்ஸ் போட்டா என்னன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. ஆனா காதுக்கு உறுத்தும், எடிட்டர்ங்க வெட்டிடுவாங்க. "ஃபார் டூ இயர்ஸ்"னு சொன்னா அதே அர்த்தம்தான், வேலையும் கம்மி.

அகோ பத்தி ஒரு வார்த்தை. அது "அகான்"னு ஒரு வடிவத்தோட தேய்மானம், அதுக்கு அர்த்தம் "கடந்து போன". டூ இயர்ஸ் அகோன்னா "ரெண்டு வருஷம் கடந்து போச்சு". கிங் ஜேம்ஸ் பைபிள்ல 1 சாமுவேல் 30:13ல "மூணு நாள் அகான்"னு தேயாத வடிவமே இருக்கு. சின்ஸ் புள்ளியைக் காட்டுது, அகோ தூரத்தை அளந்து சொல்லுது, ஒரே இடத்துல ரெண்டு பேரும் நின்னா ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பாங்க.

நேரத்தைச் சொல்ற வார்த்தை எப்படி "ஏன்னா"ன்னு காரணத்தையும் சொல்ல ஆரம்பிச்சுது?

இது இங்கிலீஷ்ல மட்டும் நடந்த அதிசயம் இல்ல, நாமளே தினம் பண்றோம். "நீங்களே வந்து கேட்டதுக்கு அப்புறம் நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" இதுல "அப்புறம்" மணியையா சொல்லுது? நீங்க கேட்டதாலதான் ஒத்துக்கிட்டேன்னு காரணத்தைச் சொல்லுது. ஒன்னு நடந்து அதுக்குப் பின்னாடி இன்னொன்னு நடந்தா, முதல்ல நடந்ததுதான் காரணம்னு மனுஷ மூளை தானாவே முடிச்சுப் போட்டுடும், சில நேரம் தப்பாவும் போடும், ஆனா பேச்சுல அந்த முடிச்சு அப்படியே ஒட்டிக்கும்.

ஃபிரெஞ்சுல "ப்யுயி"ன்னா பிறகு, அதோட "க்" சேர்ந்த "ப்யுயிஸ்க்"னா ஏன்னா. வழி அதேதான். இங்கிலீஷ்ல மத்திய காலத்துல சிதென்னு இருந்தப்பவே காரண அர்த்தம் வந்தாச்சு. அதனால "சின்ஸை காரணத்துக்கு போடுறது புதுசா வந்த கெட்ட பழக்கம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்போ ஒரு வாக்கியத்துல அது நேரமா காரணமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

சின்ஸுக்கு அந்தாண்ட உள்ள வினையைப் பாருங்க. "சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட்ஸ் ஸ்டார்ட்", ஆர் நிகழ்காலம், நிகழ்காலத்துக்கு "அதுக்கு அப்புறம்"னு ஒன்னு கிடையாது, அதனால காரணம்: நீங்க வந்துட்டீங்கள்ல, ஆரம்பிச்சுடலாம். எதிர்காலம் இருந்தாலும் காரணம்தான்.

பாஸ்ட் வந்தாதான் தலைவலி. "சின்ஸ் ஷி லெஃப்ட் த டீம், த வொர்க் ஹேஸ் ஸ்லோட் டவுன்." அவங்க போனதுல இருந்து வேலை மந்தமா, அவங்க போனதால வேலை மந்தமா? தமிழ்ல எழுதும்போது "போனதுல இருந்து", "போனதால"ன்னு ரெண்டுல ஒன்னை எடுத்தே ஆகணும், தப்பிக்க முடியாது. இங்கிலீஷ்ல எழுதுறவரு எடுக்காமலே நழுவிடலாம், சில பேர் வேணும்னேதான் நழுவுறாங்க, யாரையும் நேரடியா குத்தம் சொன்ன மாதிரியும் இருக்காது, சொல்லாத மாதிரியும் இருக்காது. இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்க உளவியல் சங்கத்தோட நடைக் கையேடு, ஆராய்ச்சிக் கட்டுரையில சின்ஸை நேரத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க, காரணத்துக்கு பிகாஸ் போடுங்கன்னு யோசனை சொல்லியிருக்கு. கட்டுரைக்கு அது நல்ல யோசனை. சாதாரண மெயிலுக்கும் பேச்சுக்கும் அவ்ளோ கெடுபிடி தேவையில்லன்னு என் அபிப்பிராயம், குழப்பம் வர்ற வாக்கியத்துல மட்டும் மாத்தினா போதும்.

சின்ஸும் பிகாஸும் ஒன்னுதானா அப்போ?

இல்ல. "ஏன் வரல?"ன்னு கேட்டா "பிகாஸ் ஐ வாஸ் சிக்"னு பதில் சொல்லலாம், "சின்ஸ் ஐ வாஸ் சிக்"னு சொல்ல முடியாது. பிகாஸ் காரணத்தைப் புதுசா எடுத்து நீட்டும். சின்ஸ், "உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சதுதானே, அதை வெச்சு மேல போவோம்"னு சொல்ற தொனி. அதனாலதான் அது பெரும்பாலும் வாக்கியத்தோட ஆரம்பத்துலயே உக்காந்துக்குது, ஒன்லி, மெயின்லி மாதிரி அழுத்தம் குடுக்கிற வார்த்தைகளும் அதுகூட சேராது. ஒன்லி பிகாஸ் உண்டு, காரண அர்த்தத்துல ஒன்லி சின்ஸ் இல்ல.

"சின்ஸ் வென்?"னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, தேதி சொன்னேன், சிரிச்சாங்க. ஏன்?

அவர் தேதி கேக்கல, நக்கல் பண்ணினாரு. "எப்பலேர்ந்து இந்த அக்கறை எல்லாம்?"னு நாம இழுத்து கேக்கிறோம்ல, அச்சு அசல் அதே. "சின்ஸ் வென் டு யூ கேர்?" இந்த மாதிரி நக்கல் கேள்வில பெர்ஃபெக்ட் இல்லாம சாதா ப்ரசென்ட் வரலாம், யாரும் கிராமர் பாக்க மாட்டாங்க.

வாக்கியத்தோட கடைசில தனியா சின்ஸ் வந்து நிக்குதே, பின்னாடி ஒன்னுமே இல்லாம?

"ஹி லெஃப்ட் இன் 2010 அண்ட் ஹேஸ்ன்ட் கம் பேக் சின்ஸ்." 2010ல போனவரு, அதுக்கப்புறம் வரவே இல்ல. இங்க அது ப்ரிபோசிஷன் இல்ல, வினையடை, உண்மையில இதுதான் ரொம்பப் பழைய உருவம்னு சொல்லலாம், சித்தனோட "அதுக்கு" உள்ளயே இருக்கு, தனியா புள்ளி எதையும் காட்ட வேண்டியதில்ல. எவர் சின்ஸ்னா "அப்போ இருந்து விடாம இன்னைக்கு வரைக்கும்". லாங் சின்ஸ்னா "எப்பவோ", "ஹி ஹேஸ் லாங் சின்ஸ் லெஃப்ட்", அவர் எப்பவோ கிளம்பிட்டாரு.

மெயில் கடைசில போடுற சின்சியர்லிக்கும் சின்ஸுக்கும் சொந்தம் உண்டா?

கிடையாது. அது லத்தீன்ல "சின்கேரஸ்"ங்கிற வார்த்தைல இருந்து வந்தது, கலப்படம் இல்லாததுன்னு அர்த்தம். அதுக்கு "மெழுகு இல்லாத"ன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு, ஏமாத்துற சிற்பிங்க கல்லுல உள்ள விரிசலை மெழுகு வெச்சு அடைப்பாங்க, நேர்மையானவங்க அடைக்க மாட்டாங்கன்னு. கதை நல்லாத்தான் இருக்கு, ஆதாரம் மட்டும் இல்ல.